பாம்பு உண்டு, ஏணி இல்லை

2019, மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம்.

மேட்ச் ஆரம்பித்து மூன்றாவது நிமிடமே கோல்! ஆனால், அடித்தது நம்ம ஆட்கள் இல்லை. பஞ்சாபிலிருந்து வந்திருந்த மினர்வா. ஸ்டேடியத்தில் அப்படியொரு நிசப்தம். பட்டாணிச் சுண்டல் விற்ற பையன்கூட வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு ஐ-லீகின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்.சி.யின் கையில் 40 பாயின்ட். துரத்தி வந்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. அவர்களுக்கும் அதே நேரத்தில் கடைசி மேட்ச். எங்கே? வாளையாரைத் தாண்டி, பாலக்காடு வழியாகப் போனால் வருமே, அந்தக் கோழிக்கோட்டில். அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் 42. இங்கே டிரா செய்தால் வெறும் 41. ஆகவே, ஜெயிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிலவரமோ 0-1.

‘அதென்னங்க, பேர் சென்னை சிட்டி, ஆடுறது கோயம்புத்தூரிலா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை நேரு ஸ்டேடியம் என்பது அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்களாக இருந்த ‘சென்னையின் எஃப்.சி.’யின் வீடு. சென்னை லீகில் ஆடிக்கொண்டிருந்த இந்த இன்னொரு கிளப், 2016-17 சீசனில் ஐ-லீகுக்குள் நுழைந்தபோது கோவைக்கு வந்து குடியேறியது. பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. நம்ம ஊர்க்காரர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வாடகைக்கு வந்தவர் என்றாலும் ஒழுங்காக இருந்தால் வீட்டு மனுஷன் மாதிரி பார்த்துக்கொள்வதுதானே கொங்கு வழக்கம்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே 2016-17 சீசனில் ஐ-லீகில் காலடி வைத்த இன்னொரு புதுமுகம், மினர்வா. ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த இரண்டு பையன்கள் மாதிரி. இந்தக் கதை முழுக்க இந்த இரண்டு பேரும் ஒருவர் காலில் ஒருவர் இடறிக்கொண்டே இருப்பார்கள்.

கதையைச் சரியாக ஒரு வருஷம் ரிவர்ஸ் கியரில் ஓட்டுவோம். 2018, மார்ச் 8. அன்றும் ஐ-லீகின் கடைசி நாள். ஆனால், அன்று சென்னை சிட்டி சாம்பியன் கனவிலெல்லாம் இல்லை. கால் வழுக்கினால் பாதாளம் என்கிற நிலைமை.

கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. கிரிக்கெட்டில் ஐ.பி.எல். டீம் கடைசி இடத்துக்கு வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அடுத்த வருஷம் ஏலத்தில் நாலு பேரை மாற்றிக்கொண்டு மறுபடி வந்து நிற்பார்கள். உலகக் கால்பந்தில் அந்தச் சலுகை கிடையாது. கடைசியில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். ரெலிகேஷன் என்று பெயர். கீழே ஜெயித்தவர்கள் மேலே வருவார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் சீசன் முடிகிற நாளில் சாம்பியன் டீமின் ரசிகனைவிட, கடைசிக்கு முந்தைய டீமின் ரசிகன் அதிகம் நகம் கடிக்கிறான்.

2017-18 சீசனில் சென்னை சிட்டி தன் 18 மேட்ச்களையும் ஆடி முடித்து, 19 பாயின்ட்டோடு உட்கார்ந்திருந்தது. கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் கையில் 17 பாயின்ட்டும் மீதி ஒரு மேட்ச்சும். அதில் ஜெயித்தால் 20. சென்னை சிட்டி கீழே! கடைசி இடத்தில் இருந்த இந்தியன் ஆரோஸ், கால்பந்து சம்மேளனமே நடத்திய ஜூனியர் டீம் என்பதால் அதற்கு ரெலிகேஷன் கிடையாது. பலி போட வேண்டியது அதற்கு மேலே இருப்பவரைத்தான்.

பஞ்ச்குலாவில் சர்ச்சிலை எதிர்த்து அன்று ஆடியது யார்? மினர்வா. 1-0 என்று ஜெயித்து அவர்கள் சாம்பியனானார்கள். கூடவே, தங்களுக்கே தெரியாமல், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கோவை டீமையும் காப்பாற்றிவிட்டார்கள்.

இப்போது கோச் விஷயத்துக்கு வருவோம். பிழைத்த சென்னை சிட்டி, 2018-ல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்பவரைக் கூட்டி வந்தது. அவர் கையில் பெரிய நட்சத்திரங்கள் கிடையாது. சூசைராஜ் என்று ஒரு பையன் இருந்தார், கன்னியாகுமரி கடற்கரைக்காரர், பிரமாதமான மிட்ஃபீல்டர். அவரையும் 2018-லேயே ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. கொத்திக்கொண்டு போய்விட்டது. ஐ.எஸ்.எல்.லில் ஆடுகிற டீம், பெரிய சம்பளம். யார்தான் போக மாட்டார்கள்?

நவாஸின் டீமுக்கு வந்து சேர்ந்தவர்கள், ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் உழன்றுகொண்டிருந்த ஆட்டக்காரர்கள். பெத்ரோ மான்சி, சாண்ட்ரோ, நெஸ்டர், எஸ்லாவா. மாட்ரிட், பார்சிலோனாவை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் ஸ்பெயினில் மூன்றாவது டிவிஷன்காரனுக்கும் பந்தைத் தரையோடு பாஸ் செய்யத் தெரியும். இவர்களோடு எட்வின் வான்ஸ்பால் மாதிரி நம்மூர்ப் பையன்களைக் கலந்து கட்டினார் நவாஸ். 2018 அக்டோபரில், இதே நேரு ஸ்டேடியத்தில் முதல் மேட்ச். இந்தியன் ஆரோஸை 4-1. மான்சி ஹாட்ரிக்! சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர்தான் அந்த சீசனில் என்னை முதன்முதலாக ஸ்டேடியத்துக்கு இழுத்துப் போனவர். கிரிக்கெட் பைத்தியமான எனக்கு ஆஃப்சைடு புரிவதற்கே இரண்டு மேட்ச் ஆனது. அவர் சொன்னதுதான் இன்னும் ஞாபகம்: “ஏனுங்க, போன வருசம் ஃபெயிலாகப் போன பையன், இந்த வருசம் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரப் போறானுங்க. பார்க்காம வூட்டுல உக்காந்திருந்தா எப்படீங்க?”

அவருக்கு இந்த டீம் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. ஒரே ஒரு லேத்தை வாங்கிப்போட்டு, யாருக்கோ ஜாப் ஒர்க் செய்து, பத்து வருஷத்தில் சொந்த ஷெட் போட்ட மனிதர். கோவையிலும் திருப்பூரிலும் தெருவுக்குத் தெரு இப்படி ஒருவர் இருப்பார். கீழேயிருந்து ஏறி வருவது என்பதை இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சரி, மார்ச் 9-க்குத் திரும்புவோம். 0-1. இடைவேளை வரை அப்படியே. பிறகு ஒரு பெனால்ட்டி. மான்சி அடித்தார், 1-1. அடுத்து 69-வது நிமிடம். கோல் போட்டது எந்த ஸ்பெயின்காரரும் இல்லை. அஸ்ஸாமிலிருந்து வந்த டிஃபென்ஸ் பையன், கௌரவ் போரா. 2-1! கோல் தடுப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்!

ஸ்டேடியத்தில் பாதிப் பேர் மைதானத்தைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோழிக்கோட்டில் கோகுலம் ஒரு கோல் போட்டது என்று ஒரு சத்தம். ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்துவிட்டது என்று ஒரு முனகல். கடைசியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று அங்கே ஜெயித்தேவிட்டது. அதாவது 42. இங்கே ஒரு கோல் வாங்கினால் எல்லாம் போச்சு. பக்கத்தில் என் நண்பர் நகத்தைக் கடிக்கவில்லை, டிக்கெட்டையே மென்றுகொண்டிருந்தார். இன்ஜுரி டைமில் அதே போரா இன்னொன்றைப் போட்டார். 3-1. ஐ-லீகை முதன்முறையாக ஒரு தமிழ்நாட்டு டீம் ஜெயித்தது. போன வருஷம் காப்பாற்றிவிட்ட அதே மினர்வாவைத் தோற்கடித்து.

2015-ல் ரெலிகேஷனிலிருந்து தப்பி 2016-ல் இங்கிலாந்து சாம்பியனான லெஸ்டர் சிட்டியைப் பற்றி உலகமே எழுதியது. கோவையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. போகட்டும்.

இனிதான் வயிற்றெரிச்சல்.

சாம்பியன் டீமுக்கு என்ன கிடைத்தது? ஆசிய சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்று. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா கிளப்போடு மோதி, 1-0 என்று தோற்றுத் திரும்பினார்கள். சரி, உள்நாட்டில்? 2019-லேயே ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக், ஐ-லீக் அதற்குக் கீழே என்று சம்மேளனம் முடிவு செய்தது. ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாமா? போகலாம்... 2022-23 சீசன் சாம்பியன் முதற்கொண்டு! 2019-ல் முதல் பரிசு வாங்கியவனிடம், “தம்பி, நாலு வருஷம் கழித்து வா” என்று சொன்ன கதை.

நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மேலே போக வழியில்லாத கம்பெனியில் திறமைசாலி வேலைக்காரன் எத்தனை நாள் இருப்பான்? எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத் போனார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் ஆல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு விமானம் ஏறினார். அதே 2020-ல் கோச் நவாஸும் கிளம்பினார். சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கியிருந்தது என்னவோ உண்மை. பங்கு இருந்து என்ன, பந்து இருக்க வேண்டுமே!

2020-21 சீசன் கொரோனா காரணமாக மொத்தமும் மேற்கு வங்கத்திலேயே நடந்தது. கோவை ரசிகனுக்கு டி.வி.தான் கதி. அட்டவணையின் கீழ்ப் பாதியில் தத்தளித்த சென்னை சிட்டி, களத்தில் மறுபடியும் பிழைத்துக்கொண்டது. கடைசி இடம் மணிப்பூரின் நெரோகாவுக்கு. ஆனால் 2021-22 சீசன் பட்டியலைப் பார்த்தால் நெரோகா இருக்கிறது, சென்னை சிட்டி இல்லை! கிளப் லைசென்ஸ் விதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று கழற்றிவிட்டார்கள்.

இந்திய ரெலிகேஷனின் விசித்திரம் இது. 2016-ல் கீழே இறங்கிய மிஸோரமின் ஐஸாலைத் திரும்ப அழைத்தார்கள். அது மறு வருஷமே சாம்பியனானது. 2018-ல் கீழே விழுந்த சர்ச்சிலையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நெரோகாவையும் அப்படித்தான். தோற்று விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். களத்தில் ஒருமுறைகூடக் கீழே விழாத டீம் ஃபைலில் விழுந்து காணாமல் போனது. லைசென்ஸ் விதி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கத்தான் வேண்டும். ஆனால், மேலே போகும் கதவைச் சாத்திவிட்டு, கீழே போகும் கதவை மட்டும் காகிதத்தால் திறந்து வைப்பது என்ன நியாயம்?

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? ஒரு பாயின்ட்டில் கோட்டைவிட்ட ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் கிடைத்ததும் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் போய்விட்டது. ஆக, இரண்டாம் இடம் மேலே, முதலிடம் வெளியே! மினர்வா கைமாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. 2022-23 ஐ-லீகை ஜெயித்தது. களத்தில் ஜெயித்து ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்ந்த முதல் கிளப் அதுதான். கோவையில் 3-1 என்று தோற்றுப் போனதே, அந்தப் பையன்.

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம். நாலரை வருஷமாக மோகன் பகானிடம் தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், டூரண்ட் கோப்பையில் 1-0 என்று ஜெயித்தது. கோல் போட்டவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். ஐ-லீகில் அவர் முதலில் போட்ட ஜெர்ஸி சென்னை சிட்டியுடையது.

கணபதி நண்பருக்கு போன் போட்டேன். மேட்ச் பார்த்திருந்தார். “பார்த்தனுங்க. நம்ம பையன்தானுங்க” என்றார். அப்புறம், பட்டறையில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.