ஓரமா நிறுத்துங்க: கிள்ளைச் சாலையும் மாமூலின் வரலாறும்

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "வெளிநாட்டுல இருக்கிற என் தம்பி லீவுக்கு வர்றான். புதுச்சேரியில கார் வாடகைக்கு எடுத்து, கடலூர், சிதம்பரம் வழியா கிள்ளை, பிச்சாவரம்னு தானே ஓட்டிக்கிட்டுப் போகணுமாம். வழியில போலீஸ் நிறுத்தி காசு கேட்டா என்ன பண்றது?"

வரலாறு பேசுற நிகழ்ச்சியில இந்தக் கேள்வி எதுக்குன்னு தோணலாம். ஆனா இது ரொம்பப் பழைய கேள்விங்க. இதே மண்ணுல, கார் வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே கேட்ட கேள்வி. அதனால இன்னைக்கு வழிமறிப்பின் வரலாற்றைப் பார்த்துட்டு, கடைசியில நேயருக்குப் பதில் சொல்றேன்.

சுங்கம் தவிர்த்தவன் காலத்துச் சாலை

கிள்ளை, வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டியுள்ள பேரூராட்சி. ஆற்றுக்கு அந்தக் கரையில் பரங்கிப்பேட்டை. சிதம்பரத்திலிருந்து கடலை நோக்கிப் போனால் இந்தப் பக்கம்தான் வந்து சேர்வோம். முதலாம் குலோத்துங்கனின் தளபதி நரலோகவீரன் சிதம்பரம் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளைச் சொல்லும் கல்வெட்டுப் பாடல்கள் இருக்கின்றன. மாசிக் கடலாட்டுக்கு இறைவன் எழுந்தருளக் கடற்கரை வரைக்கும் அகலமான சாலை போட்டதும், அங்கே மண்டபம் கட்டியதும் அந்தப் பட்டியலில் வருகிறது. அதாவது, இந்தப் பக்கத்தில் கடலுக்குப் போகிற சாலைக்கு 900 வயசு.

அந்தக் குலோத்துங்கனுக்கு மக்கள் வைத்த பேர் என்ன தெரியுமா? 'சுங்கம் தவிர்த்த சோழன்'. எத்தனையோ போர் ஜெயிச்ச ராஜா அவர். ஆனாலும் வழியில வாங்கிக்கிட்டிருந்த சுங்கத்தை எடுத்தார்ங்கிறதுதான் பட்டப்பேரா நின்னுது. வழியில மறிச்சு வாங்குற காசு மக்களுக்கு எவ்வளவு உறுத்தியிருக்கும்னு இதுலேருந்தே தெரிஞ்சுக்கலாம்.

'சாவடி' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிங்க. வழிப்போக்கர் தங்கும் இடமும் சாவடி, காசு வாங்கும் இடமும் சாவடி. இளைப்பாற நிக்கிற இடம், நிறுத்தி வைக்கிற இடம், ரெண்டுக்கும் நம்ம மொழியில ஒரே சொல்.

விற்கப்படுவது நேரம்

கம்பெனி ஆட்சியில், ஊரிலிருந்து ஊருக்குச் சரக்கு போனாலே உள்நாட்டுச் சுங்கம் உண்டு. வழிநெடுகச் சௌக்கிகள். சரக்கோடு 'ரவானா' என்ற சீட்டு போகும். சீட்டில் எழுதியதும் மூட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதுதான் சௌக்கிக்காரர் வேலை.

வங்காளத்தில் இந்த முறை எப்படி நடக்கிறது என்று சார்லஸ் டிரெவெலியன் என்ற இளம் அதிகாரி 1834-ல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் சாரம் இதுதான்: சௌக்கிக்காரருக்குச் சம்பளம் மிகக் குறைவு. ஆனால் எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் உண்டு. சீட்டு சரியாக இருந்தாலும், "எல்லாத்தையும் இறக்கு, பார்க்கணும்" என்று சொன்னால் அன்றைய பொழுது போச்சு. அதற்குப் பயந்தே வியாபாரி காசு கொடுத்துவிடுவான்.

இதை நல்லா மனசுல வாங்கிக்கணும். தப்பு செஞ்சவன் தப்பிக்கக் கொடுக்கிற காசு ஒரு வகை. தப்பே செய்யாதவன் தாமதத்துக்குப் பயந்து கொடுக்கிற காசு இன்னொரு வகை. ரெண்டாவது வகையில சௌக்கிக்காரர் விக்கிறது நம்ம நேரத்தை, நமக்கே.

வங்காளத்தில் 1836-லும், நம்ம சென்னை மாகாணத்தில் 1844-லும் உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்தார்கள். சௌக்கிக்காரர் யாரும் திடீரென்று யோக்கியராகிவிடவில்லை. நிறுத்துவதற்கான காரணம் போனது, அதோடு காசும் போனது. அவ்வளவுதான்.

யாரிடம் போய்ச் சொல்ல?

சாலையில் சுங்கம் போனாலும், ஊருக்குள்ளே இன்னொரு சிக்கல் இருந்தது. 1816-ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டப்படி, வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். காசு கேட்பவர், பிடித்து வைப்பவர், புகாரை விசாரிப்பவர் எல்லாம் ஒரே கச்சேரி ஆட்கள். தென்னாற்காடு உட்பட மாகாணம் முழுக்க இதுதான் நிலை.

இந்த விவகாரம் லண்டன் நாடாளுமன்றம் வரைக்கும் போய், 1854-ல் சென்னையில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். 2,000-க்குச் சற்றுக் குறைவான புகார்கள் வந்தன. நேரில் வந்தவர்கள் நூற்றுக்கணக்கில், மீதியெல்லாம் கடிதம். வரிக்காகவும் கையூட்டுக்காகவும் கிட்டி போட்டு விரலை நெரித்தது, வெயிலில் குனிய வைத்தது என்று எல்லாம் 1855 அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்த கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து 1857-ல் ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்த அறிக்கையில் முக்கியமான இன்னொரு விஷயம், பாதிக்கப்பட்டவர் புகார் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது. மேலதிகாரி தூரத்தில் இருப்பார். போய்வரச் செலவு, வயல் வேலை கெடும், திரும்பி வந்தால் அதே ஆள் முகத்தில் விழிக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் சொல்வதே இல்லை.

இதன் பிறகுதான் வரி வசூலையும் போலீசையும் பிரித்து 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. சௌக்கி அறிக்கை எழுதிய அதே டிரெவெலியன்தான் அப்போது சென்னை கவர்னர். ஆனால் 1903-ல் ஃப்ரேசர் தலைமையிலான போலீஸ் ஆணையம் இந்தியா முழுக்கப் பார்த்துவிட்டு, மக்கள் போலீசை ஊழல் மலிந்ததாகவும் அடக்கி ஒடுக்குவதாகவும்தான் பார்க்கிறார்கள் என்றே எழுதியது. துறையைப் பிரித்தாகிவிட்டது. நிறுத்தி வைக்கும் அதிகாரமும் குறைந்த சம்பளமும் அப்படியே இருந்தன.

'மாமூல்' என்ற சொல்லுக்கு நேர்ப் பொருள் 'வழக்கமானது'. லஞ்சத்துக்கே வழக்கம்னு பேர் வச்சுட்டோம். சொல்லே சமாதானம் சொல்லிடுது, பார்த்தீங்களா.

கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து

இப்போ காருக்கு வருவோம். 1914-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம், பிறகு 1939, இப்போது நடப்பில் இருப்பது 1988 சட்டம். சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்டியே ஆகணும். அது நியாயம்தான். சாலை விபத்துக் கணக்கைப் பார்த்தால் சோதனை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனா நேயரோட தம்பி போற வழி கொஞ்சம் விசேஷமானது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 வரைக்கும் பிரெஞ்சுக்காரர் கையில். அவங்க எல்லை ஒரே துண்டா இல்லாம, திட்டுத் திட்டா கிடந்தது. அந்தக் கோடுகள் இன்னைக்கும் மாநில எல்லையா இருக்கு. புதுச்சேரியிலேருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர். அதுக்குள்ள ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கிருமாம்பாக்கம் புதுச்சேரி, கடலூர் மறுபடி தமிழ்நாடு. அங்கே மது விலை வேற, இங்கே வேற. அதனால எல்லையில சோதனை இருக்கத்தான் செய்யும்.

அடுத்தது வண்டி. நாமே ஓட்டும் வாடகைக் காருக்கு 1989-ல் வந்த திட்டப்படி தனி அடையாளம் உண்டு: கருப்புப் பலகை, மஞ்சள் எழுத்து. 'இவர் வெளியூர்க்காரர், அவசரத்தில் இருப்பவர், நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டார்' என்பதைத் தூரத்திலிருந்தே அந்தப் பலகை சொல்லிவிடும்.

இப்படி ஒரு காரில் நானும் போயிருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஓட்டினார். "ஓரமா நிறுத்துங்க" என்றார் ஒருவர். லைசென்ஸ், பன்னாட்டு அனுமதி, ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி. "இந்த ஃபாரின் லைசென்ஸ் எல்லாம் இங்க செல்லாதே தம்பி." செல்லும் சார், ரெண்டும் சேர்ந்து இருக்குன்னோம். "அப்படியா? மேலதிகாரி வரட்டும், கேட்டுக்கலாம். இல்ல, ஐந்நூறு கொடுத்துட்டுக் கிளம்புங்க." அபராதம்னா சலான் போடுங்க சார், கட்டிடறோம்னு சொன்னேன். சலானும் வரல, மேலதிகாரியும் வரல. நாற்பது நிமிஷம் கழிச்சு, "சரி சரி, போங்க." பிச்சாவரம் போய்ச் சேர்ந்தப்போ படகுத்துறை மூடியாச்சு. ஐந்நூறு ரூபாய் மிச்சம். ஆனா அன்னைக்குச் சாயங்காலம் போச்சு.

டிரெவெலியன் எழுதினதும் இதைத்தான்.

அச்சேயில் எண்ணிப் பார்த்தார்கள்

பரங்கிப்பேட்டை வியாபாரிகள் 17-ஆம் நூற்றாண்டில் கப்பல் ஓட்டிய இடங்களில் ஒன்று, சுமத்ராவின் அச்சே. இந்த வழிமறிப்புக் காசை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வும் அங்கேதான் நடந்தது. ஓல்கன், பேரன் என்ற இரு ஆய்வாளர்கள் 2005, 2006-ல் லாரிக் கிளீனர் மாதிரி ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். 304 பயணங்கள். போலீஸ், ராணுவம், எடைமேடை என்று 6,000-க்கும் மேற்பட்ட முறை காசு கைமாறியதை நேரில் பார்த்துக் குறித்தார்கள்.

அப்போதுதான் சமாதான ஒப்பந்தம் வந்து, படைகள் விலகிக்கொண்டிருந்தன. சோதனைச் சாவடிகள் குறைந்தன. மீதமிருந்த சாவடிகளில் ஒவ்வொருவரும் கேட்ட தொகை கூடியது. ஆனாலும் ஒரு பயணத்துக்கு ஆன மொத்தக் காசு குறைந்தது. இன்னொன்றும் தெரிந்தது: போய்ச் சேரும் இடம் நெருங்க நெருங்கக் கேட்கும் தொகை கூடும். ஏனென்றால் இவ்வளவு தூரம் வந்தவன் திரும்பிப் போகமாட்டான்.

நம்ம ஊர்லயும் இதுக்குச் சாட்சி உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தார்கள். லாரிகள் அங்கே வரிசையில் நின்ற காலம் அதோடு முடிந்தது. 1844-ல் நடந்த மாதிரியேதான்.

சட்டம் இப்போது யார் பக்கம்?

2011-ல் மத்திய நிதியமைச்சகத்தின் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு ஒரு யோசனை சொன்னார். சட்டப்படி நமக்குக் கிடைக்க வேண்டியதைத் தராமல் தொந்தரவு செய்து வாங்கும் லஞ்சத்தில், கொடுத்தவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். அப்போதுதான் அவர் வாய் திறப்பார் என்றார். பெரிய சர்ச்சையாயிற்று.

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது கிட்டத்தட்ட எதிர்த் திசையில் போனார்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர்க்காரருக்கே ஏழு நாள் பெரிய விஷயம். நேயரோட தம்பி மூணாவது நாள் விமானம் ஏறிடுவார். அப்புறம் அவர் வாயே திறக்கமாட்டார், ஏன்னா சட்டப்படி அவரும் குற்றவாளி. 1855-ல தூரமும் செலவும் ரயத்து வாயை அடைச்சுது. இப்போ நாள் கணக்கு அடைக்குது.

இன்னொன்று, 2019 திருத்தத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாயாக இருந்த அபராதம் 5,000 ஆனது. விபத்தைக் குறைக்க என்றார்கள், சரி. ஆனால் ரசீது இல்லாமல் பேரம் நடக்கும் இடத்தில், அபராதம் ஏறினால் பேரத்தின் விலையும் ஏறும். அதனால் அபராதத்தைக் கூட்டுவதைவிட, ரொக்கத்தை நடுவிலிருந்து எடுப்பது நல்ல வழி. சென்னைப் போக்குவரத்துக் காவல் 2018-ல் ரொக்கமில்லா இ-சலானுக்கு மாறியது அந்த வகையில் சரியான அடி.

நேயருக்குப் பதில்

தம்பிகிட்ட சொல்லுங்க. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது, சொந்த நாட்டு லைசென்ஸும் கூடவே இருக்கணும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் இந்தியாவும் உண்டு. வெள்ளைப் பலகை வண்டியை யாராவது சல்லிசா வாடகைக்குக் கொடுத்தா வாங்க வேண்டாம். அது சட்டப்படி தப்பு, அப்புறம் பேரம் பேச நாமே இடம் கொடுத்த மாதிரி. வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸை டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலியில் காட்டினாலும் செல்லும். நிறுத்தினா மரியாதையா இறங்கிப் பேசட்டும். தப்பு இருந்தா சலான் கேட்டு வாங்கிக் கட்டட்டும். எல்லாத்துக்கும் மேல, அவர் திட்டத்துல ஒரு மணி நேரம் உபரியா வைக்கட்டும். நேரம் இருக்கிறவன்கிட்ட நேரத்தை விக்க முடியாது.

ஒருத்தருக்கு இது போதும். ஊருக்குப் போதாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, மீன் பாடு ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள சந்தைக்கு ஓடுறவங்க எல்லாருக்கும் உபரி நேரம் எங்கே இருக்கு? ஐஸ் உருகும். அவங்களுக்கு வேண்டியது, காரணம் எழுதாம யாரும் நிறுத்த முடியாத சாலை: எந்த மணிக்கு நிறுத்தினாங்க, எதுக்கு, எப்போ விட்டாங்கன்னு ஒவ்வொரு நிறுத்தலுக்கும் ஒரு பதிவு. குலோத்துங்கனுக்குப் பட்டம் கொடுத்த மக்கள் கேட்டதும் இதைவிடப் பெரிசா ஒண்ணும் இல்லை.

உங்க அனுபவங்களை எழுதுங்க. பேர், ஊர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல வெள்ளாற்றின் அக்கரை, பரங்கிப்பேட்டைக்குப் போவோம்.