மலையேறிய தூண்டில்

சங்கப் புலவர் பலருடைய இயற்பெயர் காலவெள்ளத்தில் மறைந்து போயிற்று. அவர்களுள் சிலருக்கு, அவர்தம் பாடலில் ஒளிரும் உவமையையே பெயராகச் சூட்டி நம் முன்னோர் போற்றினர். குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடிய மீனெறி தூண்டிலார் அவ்வாறு பெயர் பெற்றவர். தினைப்புனம் காப்போர் விடுக்கும் கவணொலிக்கு அஞ்சிய யானை, தான் வளைத்த பசுமூங்கிலைக் கைவிடுகிறது. அம்மூங்கில், மீன் சிக்கியதும் வெடுக்கென மேலெழும் தூண்டிற்கோலைப் போல நிமிர்கிறது. இக்காட்சியே அவருக்குப் பெயரளித்தது.

தூண்டில், நெய்தலிலும் மருதத்திலும் நாம் மிகுதியாகக் காணும் கருவி. அதனைக் குறிஞ்சி நிலத்து மலைச்சாரலில் உவமையாக ஏற்றி வைத்தார் அப்புலவர். நெடுங்காலம் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில், உவமையாக அன்றி உண்மையாகவே ஒரு தூண்டில் தமிழகத்து மலைமேல் ஏறியது. அது ஆங்கிலேயர் கொணர்ந்த தூண்டில். அதற்குரிய மீனையும் அவர்கள் கடல் கடந்து கொண்டுவந்தனர். அந்த மீனின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தஞ்சோங் மாலிமில் வாழும் ஓர் ஆசிரியன் நீலகிரி மீனைப் பற்றி எழுதுவானேன் என்று வினவலாம். காரணம் உண்டு. என் தந்தையார் இவ்வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். வேலை ஓய்ந்த மாலைகளில் மூங்கிற்கோலும் மண்புழுவும் எடுத்துக்கொண்டு ஆற்றோரம் சென்று கெளுத்தியும் விராலும் பிடித்து வருவார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விடுமுறை நாள்களில் மேலாற்றுக்கு மீன்பிடிக்கச் செல்லும்போது, துரையின் தூண்டிற்பெட்டியைத் தோளில் சுமந்து சென்றவரும் அவரே. "பெட்டிக்குள் கோழியிறகில் கட்டிய ஈக்கள் இருந்தன, எதற்கென்று நான் கேட்டதில்லை" என்று அவர் முதுமையில் ஒருநாள் சொன்னார். அவர் கேளாத கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இவ்வரலாற்றை நான் அறிந்தேன்.

ஈயும் இறகும்

டிரவுட் என்பது குளிர்நீரில் வாழும் மீன். பழுப்பு டிரவுட்டின் தாயகம் ஐரோப்பா. வானவில் டிரவுட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலை அடுத்த வட அமெரிக்க ஆறுகளும் ஆசியாவின் வடகிழக்கு முனையும் ஆகும். தெளிந்த, விரைந்தோடும், உயிர்வளி மிக்க நீரே இவற்றுக்கு ஏற்றது. நீரின் வெப்பம் 20 பாகை செல்சியசைத் தாண்டினால் அவை வாடத் தொடங்கும்.

டிரவுட் ஓடையின் போக்குக்கு எதிர்முகமாக நின்று, நீரோட்டம் அடித்துவரும் பூச்சிகளைக் கவ்வி உண்ணும். கல்லடியில் இளம்பருவத்தைக் கழித்துப் பின் நீர்மேல் வந்து சிறகு விரிக்கும் பூச்சிகளே அதன் விருப்ப உணவு. ஆகவே அதனைப் பிடிப்போர், முள்ளின்மேல் பட்டுநூலால் இறகையும் மயிரையும் கட்டி, பூச்சியின் வடிவில் பொய்யிரை செய்தனர். இப்பொய்யிரைக்கு எடை இல்லை. எனவே கனத்த கயிற்றைக் கோலால் முன்னும் பின்னும் வீசி, அக்கயிற்றின் விசையாலேயே அதனை நீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். மீனின் கண்ணில் படாமல் பின்புறமாக அணுக வேண்டும். இன்ன பொழுதில் இன்ன பூச்சி எழும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இக்கலை மிகப் பழையது. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வாழ்ந்த உரோமானிய எழுத்தாளர் ஈலியன், மாசிடோனிய நாட்டு ஆறொன்றில் மக்கள் சிவந்த ஆட்டுமயிரையும் சேவலின் இறகையும் முள்ளில் கட்டி மீன்பிடித்ததைக் குறித்துள்ளார். இங்கிலாந்தில் 1496இல் தூண்டிற்கலை பற்றிய நூலொன்று அச்சேறியது. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு, 1676இல் சார்லஸ் காட்டன் ஈத்தூண்டில் பற்றிய பகுதியை எழுதிச் சேர்த்தார். காலப்போக்கில் இக்கலை ஆங்கிலேயக் கனவான்களின் பெருமைக்குரிய பொழுதுபோக்காயிற்று.

இங்கு நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுச்சேவலின் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல் மின்னும் புள்ளிகள் உள்ளன. பிரித்தானியத் தூண்டிற்காரர் அவ்விறகைப் பெரிதும் விரும்பிப் பொய்யீ கட்டினர். நம் மலைக்கு அவர்கள் மீன் வரும் முன்னரே, நம் மலைக்கோழியின் இறகு அவர்கள் ஆற்றுக்குச் சென்றுவிட்டது.

பனிக்கட்டியில் ஒரு பயணம்

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் தம் தாயகத்தின் சாயலை உண்டாக்க முயன்றனர். ரோசாவும் உருளைக்கிழங்கும் கப்பலேறியதைப்போல மீனும் ஏறியது. ஆனால் வெப்பமண்டலக் கடலைக் கடந்து குளிர்நீர் மீனைக் கொண்டுவருவது எளிதன்று. அதற்கான வழி 1864இல் புலப்பட்டது. நார்ஃபோக் என்னும் கப்பலில் பனிக்கட்டி அறையொன்று அமைத்து, ஈரப்பாசி பரப்பிய சிறு பெட்டிகளில் சால்மன், டிரவுட் முட்டைகளை அடுக்கி, இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். ஏறத்தாழ மூன்று திங்கள் கழித்தும் அவற்றுள் சில உயிரோடிருந்தன. டாஸ்மேனியாவில் அவை குஞ்சு பொரித்தன. பெரிதும் எதிர்பார்த்த சால்மன் நிலைக்கவில்லை. உடன் சென்ற டிரவுட் நிலைத்தது.

இதே முறையில் டிரவுட் நியூசிலாந்துக்கும் காஷ்மீரத்துக்கும் பரவியது. காஷ்மீரத்துக்கு 1899இல் சென்ற முட்டைகள் வழியிலேயே கெட்டன. 1900இல் சென்றவை பிழைத்தன.

மலேசிய வாசகர்க்கு இச்செய்தி வேறொரு பயணத்தை நினைவூட்டும். 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த ரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. நாற்றுகள் இலங்கைக்குச் சென்றன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் 9 நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மீன்முட்டையைப் பாசியில் பொதிந்த அதே காலம்தான் ரப்பர்க் கன்றையும் கண்ணாடிப் பேழையில் பொதிந்தது. ஒன்று துரைமாரின் ஓய்வுக்கு வந்தது. மற்றொன்று அவர்தம் வருவாய்க்கு வந்தது.

நீலகிரியும் நுவரெலியாவும்

நீலகிரியில் டிரவுட்டை வளர்க்கும் முயற்சி 1860களிலேயே தொடங்கியது. சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவரும், பின்னாளில் இந்திய மீன்கள் பற்றிப் பெருநூல் இயற்றியவருமான பிரான்சிஸ் டே அம்முயற்சியில் ஈடுபட்டார். அது பலிக்கவில்லை. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறக்கப்பட்டது. குன்னூருக்கு மலை இரயில் 1899இல்தான் வந்தது. நெடுங்கடலும் சமவெளியின் வெயிலும் மலைப்பாதையும் சேர்ந்து முட்டையின் உயிரைக் குடித்தன.

மீன் நிலைபெறும் முன்னரே சட்டம் வந்துவிட்டது என்பது வியப்புக்குரியது. நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்கும் சட்டம் 1879இல் இயற்றப்பட்டது. யார் வேட்டையாடலாம், யார் மீன்பிடிக்கலாம், எப்பருவத்தில் கூடாது என்பனவற்றை வகுக்கும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் வாழ்ந்த மலையின் ஓடைகள், எழுதிய விதிகளுக்கு உட்பட்டன.

இலங்கையின் நுவரெலியாவில் 1880களில் பழுப்பு டிரவுட் முட்டைகள் வந்திறங்கின. அவை வளர்ந்தாலும் இயல்பாகப் பெருகவில்லை. பின்னர்க் கொணர்ந்த வானவில் டிரவுட், சற்று மிகுந்த வெப்பத்தையும் தாங்குவதால், ஹோர்ட்டன் சமவெளியின் உயர்ந்த ஓடைகளில் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சென்னை மாகாண அரசின் மீன்வளர்ப்பு அலுவலர் எச். சி. வில்சன் நீலகிரியிலும் வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் முட்டை பொரிக்கும் நிலையம் அமைந்தது. முதிர்ந்த மீனின் வயிற்றை மெல்லத் தடவி முட்டையைப் பிதுக்கி, ஆண்மீனின் விந்தோடு கலந்து, குளிர்நீர் இடையறாது ஓடும் தட்டுகளில் பரப்புவர். 10 பாகை வெப்பமுள்ள நீரில் ஏறத்தாழ ஒரு திங்களில் குஞ்சு வெளிவரும். மூணாற்று மலைகளிலும் தேயிலைத் தோட்டத் துரைமார் சங்கம் கூட்டி இம்மீனை வளர்த்தனர்.

பெயரில்லாத தோள்கள்

இதுவரை கூறிய வரலாற்றில் டே, வில்சன் என்னும் பெயர்கள் உள்ளன. கப்பலின் பெயரும் உள்ளது. ஒன்று மட்டும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிய பெட்டிகளைச் சுமந்தவர் யார்? பனிக்கட்டி உருகுமுன் ஓடியவர் யார்? நள்ளிரவில் உறைபனியில் எழுந்து, தட்டுகளில் வெண்ணிறமாகிப் போன கெட்ட முட்டைகளைப் பொறுக்கியெறிந்தவர் யார்? அக்கால மலைப்பயணம் எதுவும் மாட்டுவண்டியும் கூலியாளின் தலைச்சுமையும் இன்றி நடந்ததில்லை. நீலகிரியிலும் நுவரெலியாவிலும் மூணாற்றிலும் அத்தோள்கள் பெரும்பாலும் தமிழர் தோள்களே. நாம் படிக்கும் மீன் வரலாறுகளில் அவர்கள் பெயரின்றிக் 'கூலிகள்' என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போகின்றனர்.

இதைக் கூறுவது எவரையும் பழிப்பதற்கன்று. டேயின் அறிவுழைப்பும் வில்சனின் விடாமுயற்சியும் மதிக்கத்தக்கவையே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே காலத்தில் அதே கடலைக் கடந்து நம் பாட்டனாரும் பாட்டிமாரும் மலாயாவுக்கு வந்தனர். முட்டை கெடாதிருக்கப் பனிக்கட்டி அறை அமைத்த காலம், கப்பலின் மேல்தட்டில் வெயிலிலும் மழையிலும் அவர்களை ஏற்றி வந்தது. நம்மிடையே தம் பாட்டனார் எந்த ஊரினின்று, எந்த ஆண்டில், எந்தக் கப்பலில் வந்தார் என்று கூறவல்லோர் எத்தனை பேர்?

நம் ஆறுகள் கூறும் பாடம்

வந்த மீனால் மலைக்கு நலமா, கேடா என்னும் வினாவும் உண்டு. பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் ஆகிய இரண்டையும், உலகில் பெருந்தீங்கு விளைக்கும் 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் இன்றைய இயற்கை அறிஞர்கள் சேர்த்துள்ளனர். பல நாடுகளில் அவை உள்நாட்டுச் சிறுமீன்களையும் தவளைகளையும் உண்டு குறைத்தன. நீலகிரியிலோ மனிதர் ஓடைகளையே மாற்றிவிட்டனர். 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர்க் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் எழுந்தது. துள்ளியோடிய ஓடைகள் பல, அணைகளுக்குப் பின்னால் ஏரிகளாயின.

நம் ஊரைத் தழுவிச் செல்லும் பெர்னாம் ஆறு தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து, பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடுகிறது. தாழ்நில நீரின் வெம்மை டிரவுட்டுக்கு ஒவ்வாது. ஆனால் இத்தீபகற்பத்தின் மலையாறுகளுக்குத் தமக்கென்று ஒரு பெருமீன் உண்டு; அது கெலா. எச். எஸ். தாமஸ் என்னும் சென்னை மாகாண ஆட்சியாளர் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூலில் மாசீர் என்னும் மீனைப் புகழ்ந்தார். நம் கெலா அம்மாசீரின் உறவினம். அயல்மீனுக்காக அத்தனை பாடுபட்ட மலைகளிலும் உள்ளூரிலேயே வீரமிக்க மீன்கள் இருந்தன என்பதற்கு அந்நூலே சான்று.

கெலாவும் இன்று அரிதாகி வருகிறது. காடு அழிதலும் ஆறு கலங்கலும் அளவின்றிப் பிடித்தலும் காரணங்கள். தேசியப் பூங்காவில் தாகான் ஆற்றின் லுபோக் தெனோரிலும், தெரெங்கானுவின் கென்யிர் ஏரிப் பகுதியிலும் அதற்குக் காப்பிடங்கள் உள்ளன. சபாவில் ஊர்மக்களே கூடி, ஆற்றின் ஒரு பகுதியில் குறித்த காலம் மீன்பிடிக்காமல் காக்கும் 'தாகால்' என்னும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. 1879ஆம் ஆண்டுச் சட்டம் மேலிருந்து வந்தது. தாகால் ஊரார் தாமே ஏற்றுக்கொண்டது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க மாணவர்க்குக் கற்பித்தல் நன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுண்டு. வரலாறு என்பது அரசர் பெயரும் ஆண்டும் மட்டுமன்று. ஒரு மீனும், ஒரு மரக்கன்றும், ஓர் இறகும் வரலாறு பேசும். தோட்டங்கள் பல விற்கப்பட்டுவிட்டன, லயங்கள் இடிந்தன, அங்கு வாழ்ந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவரிடம் அமர்ந்து, அவர் பிறந்த தோட்டம், செய்த வேலை, சுமந்த சுமை ஆகியவற்றைக் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வைக்கட்டும். கேட்க நான் பிந்திவிட்டேன். துரையோடு மேலாற்றில் எந்த இடத்துக்குச் சென்றார் என்று என் தந்தையாரை நான் கேட்க எண்ணியபோது அவர் இல்லை.

மீனெறி தூண்டிலாரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர் செய்த செயலால் அவருக்கு ஒரு பெயர் வைத்து, இரண்டாயிரம் ஆண்டுகள் காத்த இனம் நம் இனம். மலைக்கு முட்டையைச் சுமந்தவர்க்கும், மலாயாவில் பால்மரத்தைக் காத்தவர்க்கும் அந்தக் கடமையை நாம் இன்னும் செய்யவில்லை. அதைச் செய்வதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதுமே.