கொயினா, அந்தமான், கொஞ்சம் பசுமை வேதியியல்

அந்தமான் என்றாலே நம்மவர்களுக்கு செல்லுலார் ஜெயிலும் ‘சிறைச்சாலை’ படமும்தான் ஞாபகம் வரும். மருந்து தயாரிப்பு வேதியியலில் பிழைப்பு நடத்தும் எனக்குக் கொயினாவும் சேர்ந்து வரும். ஏன் என்று சொல்கிறேன்.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். ஜெயில் கட்டி முடிந்தது 1906-ல்தான். அதற்கு முன் காடு வெட்டிய கைதிகள் பலரைக் காய்ச்சலே கொன்றது. அன்று மலேரியாவுக்கு நம்பகமான மருந்து கொயினா. தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது, விலையும் அதிகம்.

இதை லேபிலேயே செய்துவிடலாம் என்று 1856-ல் லண்டனில் முயன்றவர் 18 வயதுப் பெர்கின். கிடைத்ததோ ஊதாச் சாயம்! ஆங்கிலேய அரசு வேறு வழி பார்த்தது. 1860களில் நம் நீலகிரியில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாவை நட்டது.

அப்புறமாவது லேபில் முடிந்ததா? முடிந்தது. 1944-ல் உட்வர்டும் டோரிங்கும் பாதை போட்டார்கள். 2001-ல் ஸ்டார்க் அதைச் செம்மையாக்கினார். ஆனால் படிகள் அதிகம். ஒரு கணக்குப் போடுங்கள்: படிக்கு 80 சதவீதம் தேறினாலும், 15 படி ஏறினால் கையில் மிஞ்சுவது மூன்றரை சதவீதம். மீதியும், ஊற்றிய கரைப்பானும் குப்பை. அதனால் கொயினா இன்றும் பட்டையிலிருந்துதான் வருகிறது.

மருந்துத் தொழிலில் 1 கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு என்று 1992-ல் கணக்குக் காட்டினார் ஷெல்டன். பசுமை வேதியியலின் அடிப்படைக் கேள்வியே இதுதான்: எவ்வளவு செய்தாய் என்பதோடு, எவ்வளவு கொட்டினாய்?

இதற்கு நல்ல பதில் ஒன்று மலேரியா மருந்திலிருந்தே வந்தது. ஆர்ட்டிமிசினின், நம்ம மாசிபத்திரிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றில் இருக்கிறது. மருந்தைப் பிரித்த பின் மிஞ்சும் கழிவில் ஓர் அமிலம் உண்டு. 2012-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் மாக்ஸ் பிளாங்க் விஞ்ஞானிகள் அந்த அமிலத்தை மெல்லிய குழாயில் ஓடவிட்டு, ஆக்சிஜனும் வெளிச்சமும் கொடுத்தார்கள். பிறகு கொஞ்சம் அமிலம். மறுமுனையில் ஆர்ட்டிமிசினின்! கஷ்டமான வேலையைச் செடி முடித்துவிட்டது. மிச்சத்தை மனிதன் சுருக்கமாக முடித்தான்.

இன்று அந்தமானில் ஒருவருக்குக் கடுமையான பால்சிபாரம் மலேரியா வந்தால் கொடுப்பது ஆர்ட்டிமிசினின் வகை மருந்துதான். படி குறைந்தால் கழிவு மட்டும் குறைவதில்லை, மருந்தின் விலையும் குறையும். தீவில் இருப்பவனுக்கு அதுதானே முக்கியம்?

வீட்டில் கெமிஸ்ட்ரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த 15 படிக் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.