கொடுமை என்றால் வளைவு: வெண்மணியும் சில சொற்களும்

நம்ம பேச்சுல மலிஞ்சுபோன ஒரு சொல்லை இன்னைக்கு எடுத்துக்கலாம்: கொடுமை. மெட்ரோ லேட்டா வந்தா கொடுமை. கேன்டீன் சாம்பாரும் கொடுமை. மீம்ல போட்டுப் போட்டு அதுல இருந்த கனமே போயிடுச்சு.

இந்தச் சொல்லுக்குப் பக்கத்துல ஒரு குடும்பமே இருக்கு. கொடூரம்னா, கண்ணால பார்க்க முடியாத ஒரு செயல் நினைவுக்கு வரும். குரூரம்னா, செஞ்சவனோட மனசு தெரியும். வன்மம்னா, அந்த மனசுல நாள்பட்டுக் கிடக்கிற பகை. சித்திரவதைன்னா, வலியில துடிக்கிற உடம்பு. அப்போ கொடுமை எங்க இருக்கு? ‘கொடு’ன்னா பழைய தமிழ்ல வளைவு. வளைஞ்ச வாள் கொடுவாள். நேரா நிற்கிற ஆட்சி செங்கோல், வளைஞ்சுபோனது கொடுங்கோல். அந்த வழியில பார்த்தா, கொடுமைக்கு எதிர்ச்சொல் கருணை இல்ல, செம்மை. அதாவது நேர்மை. கெட்ட மனசு ஒண்ணு இருந்தாத்தான் கொடுமை நடக்கணும்னு இல்ல. ஊரோட அளவுகோலே வளைஞ்சிருந்தா போதும்.

இது வெறும் அகராதி விளையாட்டு இல்ல. வேளாங்கண்ணிக்குப் போயிருப்பீங்க. கடலும் பேராலயமும் தெரியும். அங்கிருந்து மேற்கே வயல்களுக்கு நடுவுல வண்டியில போனா, ஒரு மணி நேரத்துக்குள்ள கீழ்வெண்மணி. இன்னைக்கு நாகப்பட்டினம் மாவட்டம். அன்னைக்கு எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்.

காவிரி டெல்டாவோட நெல் யார் உழைப்புல விளைஞ்சது? பெரும்பாலும் நிலமே இல்லாத தலித் மக்களோட உழைப்புல. பண்ணையாள்னு பேரு. தலைமுறை தலைமுறையா ஒரே மிராசுதார் குடும்பத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவங்க. வேலைக்கு லேட்டானாலோ எதிர்த்துப் பேசினாலோ, அதுக்கு ஒரு தண்டனை இருந்தது. இன்னைக்கும் அந்தப் பக்கத்துல ஜோடியாவே சொல்ற ரெண்டு சொல்: சாணிப்பால், சவுக்கடி. சாட்டையால அடிப்பாங்க, சாணியைத் தண்ணியில கரைச்சுக் குடிக்க வைப்பாங்க. ‘பால்’ங்கிற சொல் அதுல எப்படி உட்கார்ந்திருக்கு பாருங்க. கோபத்துல ஒருத்தர் செஞ்ச காரியத்துக்கு யாரும் பேர் வைக்க மாட்டாங்க. பழக்கமா ஆனதுக்குத்தான் பேர் வைப்பாங்க. இதுதான் வளைஞ்ச அளவுகோல்.

1940-கள்ல பி. சீனிவாசராவ் இங்க வந்தார். தென் கன்னடத்துக்காரர், கம்யூனிஸ்ட். சேரி சேரியா நடந்து விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாக்கினார். சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தணும்ங்கிறது அந்தச் சங்கத்தோட முதல் கோரிக்கைகள்ல ஒண்ணு. 1952-ல தஞ்சாவூருக்குன்னே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அப்புறம் 1968. கூலியில அரைப்படி நெல் கூடுதலா வேணும்னு கேட்டாங்க. நில உடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம்னு திரண்டிருந்தாங்க. செங்கொடியை இறக்கச் சொன்னாங்க. டிசம்பர் 25 ராத்திரி மோதல் வெடிச்சது. அதுல நில உடைமையாளர் தரப்புல ஒருத்தர் கொல்லப்பட்டார். வெண்மணி தெருவுக்குள்ள புகுந்த கும்பலுக்குப் பயந்து, ஓட முடியாதவங்க ராமையாங்கிறவரோட சின்னக் குடிசைக்குள்ள போய் ஒளிஞ்சாங்க. குடிசைக்குத் தீ வெச்சாங்க. 44 பேர் செத்தாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

அந்தத் தீயைக் கொடூரம்னு சொல்றதுல யாருக்கும் தயக்கம் இல்ல. ஆனா அதைக் ‘கூலித் தகராறு’ன்னு சுருக்கினா சாதி காணாமப் போயிடும். சாதிவெறின்னு மட்டும் சொன்னா அரைப்படி நெல் காணாமப் போயிடும். ரெண்டும் ஒரே குடிசைக்குள்ள இருந்தது.

கொடூரம் ஒரு ராத்திரியில முடிஞ்சது. கொடுமை தொடர்ந்தது. 1970-ல நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் சிலருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டுல சென்னை உயர் நீதிமன்றம் அவங்களை விடுதலை பண்ணிடுச்சு. அந்தத் தீர்ப்புல நீதிபதிகள் சொன்ன ஒரு காரணம் இன்னைக்கும் பேசப்படுது. குற்றம் சாட்டப்பட்டவங்க நிறைய நிலம் வெச்சிருக்கிற பணக்காரங்க, ஒருத்தர் கார் வெச்சிருக்கிறவர்; வேலையாட்களை அனுப்பாம அவங்களே நடந்து போய்த் தீ வெச்சிருப்பாங்கன்னு நம்புறது கஷ்டம்ங்கிறது அதோட சாரம். இதை எழுதினவங்க மனசுல வன்மமோ குரூரமோ இருந்திருக்கணும்னு அவசியம் இல்ல. கார் வெச்சிருக்கிறவர் மேல சந்தேகம் விழாதபடி அளவுகோல் ஏற்கெனவே வளைஞ்சிருந்தது. அதுக்கு நம்மகிட்ட இருக்கிற பொருத்தமான பழைய சொல், கொடுமை.

பிறகு ஒரு புதுச் சொல் சட்டத்துக்குள்ள வந்தது: வன்கொடுமை. 1989-ல பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றிச்சு. சட்டம் ‘மனசாட்சியோட நடந்துக்கோங்க’ன்னு பொதுவாச் சொல்லி நிறுத்தல. என்னென்ன செயல் குற்றம்னு ஒவ்வொண்ணாப் பட்டியல் போட்டது. 1989-ல இயற்றினப்போ அந்தப் பட்டியல்ல முதல் இடத்துல இருந்தது எது தெரியுமா? சாப்பிடத் தகாத, அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துறது. டெல்டாக்காரங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். அவங்ககிட்ட அதுக்கு ஏற்கெனவே பேர் இருந்தது.

பேர் இருந்தும் அது குற்றமாக எத்தனை தலைமுறை ஆச்சுன்னு பாருங்க. ஒரு பழக்கத்தை வழக்குன்னு சொல்ல வைக்கிறதுக்குச் சங்கம் வேண்டியிருந்தது, சட்டம் வேண்டியிருந்தது. 44 உயிரும் போச்சு.

ஒவ்வொரு டிசம்பர் 25-ஆம் தேதியும் வேளாங்கண்ணியில கிறிஸ்துமஸ் கூட்டம். அதே நாள்ல வெண்மணி நினைவிடத்துக்குச் செங்கொடியோட ஆயிரக்கணக்கானவங்க வர்றாங்க. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனீங்கன்னா, ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.