மன்னிக்கவும், கேபிள் கோளாறு

ஊடகங்கள் நடுநிலையாக இருக்கின்றனவா என்ற சண்டை எந்த ஊரிலும் ஓய்ந்ததில்லை. ஆளாளுக்கு ஒரு சேனலைக் கைகாட்டி "அது அவங்க டிவி" என்று சொல்லிவிடுவோம். பேச்சு அதோடு முடிந்துவிடும். சரி, நிரூபிக்கச் சொன்னால் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சிலர் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போய், ஒரு டிவி நிலையத்தின் உரிமமே பறிபோனது. பதினாறு வருஷக் கதை.

மாநிலத் தலைநகர் ஜாக்சன். அங்கே 1953-ல் தொடங்கிய டபிள்யூ.எல்.பி.டி. நிலையம், லாமர் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். அமெரிக்க டிவி முறை தெரிந்தால்தான் மேற்கொண்டு புரியும். என்.பி.சி. மாதிரிப் பெரிய நெட்வொர்க் நியூயார்க்கிலிருந்து நிகழ்ச்சிகளை அனுப்பும். அதை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது உள்ளூர் நிலையம். வேண்டாததை உள்ளூர்க்காரர் தவிர்க்கலாம், பதிலுக்குத் தன் சரக்கைப் போடலாம். ஆனால் அலைவரிசை பொதுச்சொத்து. அதனால் எஃப்.சி.சி. என்னும் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். 1949 முதல் இன்னொரு விதியும் உண்டு. சர்ச்சைக்குரிய பொது விஷயங்களைப் பேசியாக வேண்டும், எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும். 'நியாயக் கோட்பாடு' என்று அதற்குப் பெயர். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

1955-ல் என்.பி.சி. நிகழ்ச்சி ஒன்றில் தர்குட் மார்ஷல் பேச வந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பை வாதாடி வாங்கியவர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். ஜாக்சனில் அவர் முகம் தெரியவில்லை. "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்ற அட்டைதான் திரையில் வந்தது. கோளாறு கேபிளில் இல்லை என்பது ஊருக்கே தெரியும். நிலைய மேலாளர் ஃப்ரெட் பியர்டு அதை மறைக்கவும் இல்லை. நிறப் பிரிவினையைக் காக்கவென்றே வெள்ளையர்கள் கட்டிய சிட்டிசன்ஸ் கவுன்சில் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அவர் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நெட்வொர்க்குகள் கறுப்பர்களுக்குப் பிரச்சாரம் செய்கின்றனவாம், அதைச் சமன் செய்கிறாராம். ஆக, இந்தக் கதையில் 'ஊடகம் ஒருதலைப்பட்சம்' என்று முதலில் குரல் கொடுத்தவர், திரையை இருட்டாக்கியவரே.

1957-ல் பிரிவினையை ஆதரிக்கும் நிகழ்ச்சி வந்தது. பதில் சொல்ல நேரம் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1962-ல் காங்கிரஸ் தேர்தலுக்கு நின்ற ஆர்.எல்.டி. ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர், காசு கொடுத்து நேரம் வாங்கவே ஆணையம் வரை போராட வேண்டியிருந்தது.

1963 மே மாதம் ஒரு விதிவிலக்கு நடந்தது. ஜாக்சன் மேயர் ஆலன் தாம்சன் டிவியில் தோன்றி, ஊரில் குறை ஒன்றும் இல்லை, எல்லாம் வெளியாட்கள் கிளப்புவது என்கிற தொனியில் பேசினார். நியாயக் கோட்பாட்டைக் காட்டிப் பதில் நேரம் கேட்டு வாங்கினார் மெட்கர் எவர்ஸ். மே 20 அன்று 17 நிமிடம் பேசினார். உள்ளூர்க் கறுப்பர் ஒருவர் அத்தனை நேரம் தன் மக்களின் குறையைத் திரையில் பேசுவது அந்த ஊருக்குப் புதுசு. அன்றோடு அவர் முகம் எல்லா வீட்டுக்கும் தெரிந்துபோனது. ஜூன் 12 அதிகாலை, அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

செய்தியில் மட்டும்தானா இந்தச் சண்டை? இல்லை. 'பொனான்சா' அந்தக் காலத்தில் அமெரிக்காவே உட்கார்ந்து பார்த்த கௌபாய் தொடர். அதன் நடிகர்கள் 1964 தொடக்கத்தில் ஜாக்சனுக்கு ஒரு கண்காட்சிக்கு வருவதாக இருந்தது. பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைப்பார்கள் என்று தெரிந்ததும் வரவில்லை என்றுவிட்டார்கள். உடனே அந்தத் தொடரையே பார்க்காதீர்கள் என்று பிரச்சாரம் கிளம்பியது. பொழுதுபோக்கில் அரசியல் எதுக்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கணும். கௌபாய் கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. நடிகர்கள் ஓர் அரங்குக்கு வர மறுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சூழலில்தான் எவரெட் பார்க்கர் வருகிறார். யுனைட்டட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற சபையின் தகவல்தொடர்புப் பிரிவுத் தலைவர். அவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: "இவர்கள் மோசம்" என்று ஆணையத்துக்கு எத்தனை கடிதம் போட்டாலும் குப்பைக்கூடைதான். எண்ணிக்கை வேண்டும். 1964 மார்ச்சில் ஒரு முழு வாரம், நிலையம் தொடங்குவது முதல் மூடுவது வரை, உள்ளூர்த் தன்னார்வலர்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். என்ன நிகழ்ச்சி, யார் பேசினார், எவ்வளவு நேரம், என்ன விளம்பரம், கறுப்பு முகம் எத்தனை முறை வந்தது என்று எல்லாவற்றையும் குறித்தார்கள். ரகசியமாகத்தான் செய்தார்கள், பெயர்கள் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூனில் அதே மாநிலத்தில் சிவில் உரிமைத் தொண்டர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் காரணம் புரியும்.

நிலையத்தின் முக்கிய ஒளிபரப்புப் பகுதியில் ஏறத்தாழ 45 சதவீதம் கறுப்பர்கள். உள்ளூர் நிகழ்ச்சிகளில் அவர்கள் இல்லை என்றே சொல்லிவிடலாம். புகாரில் இன்னொன்றும் இருந்தது: வெள்ளையர் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்', 'மிசஸ்' வரும், கறுப்பர் பெயருக்கு வராது. தமிழ் படிக்கிற நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. 'கைதானார்' என்பதற்கும் 'கைதானான்' என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஓர் எழுத்தில் ஆளின் தரத்தை முடிவு செய்துவிடலாம்.

மனு ஆணையத்துக்குப் போனது. ஆணையத்தின் பதில்: நீங்கள் யார் கேட்பதற்கு? அன்றைய நடைமுறைப்படி, வியாபார நஷ்டம் அடைந்த போட்டி நிலையம் வழக்காடலாம். அலைவரிசை இடையூறு பட்டவர் வழக்காடலாம். பார்க்கிறவர் வழக்காட முடியாது. 1965-ல், இனி ஒழுங்காக இருக்கணும் என்ற நிபந்தனைகளோடு ஒரு வருஷத்துக்கு உரிமத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். பக்கச்சார்பை ஆணையம் அறவே மறுத்தது என்றில்லை. விசாரிக்காமலே வாக்குறுதியை நம்பியது.

1966-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உடைத்தது. தீர்ப்பு எழுதியவர் வாரன் பர்கர். புரட்சிக்காரர் அல்ல, பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். அலைவரிசையால் நேரடியாகப் பாதிக்கப்படுவது பார்க்கிற மக்கள்தான், அவர்களுக்கு வழக்காட உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு ஆணையத்துக்குத் திரும்பியது. ஆணையம் விசாரணை என்ற பெயரில் புகார் கொடுத்தவர்களையே குடைந்துவிட்டு, 1968-ல் மறுபடி உரிமம் கொடுத்தது. பர்கர் பொறுமை இழந்தார். சரிசெய்யவே முடியாத அளவுக்கு இந்த விசாரணை கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி உரிமத்தை ரத்து செய்தார். அது 1969 ஜூன் 20. மூன்று நாள் கழித்து அவர் நாட்டின் தலைமை நீதிபதி ஆனார்.

1971-ல் இடைக்காலமாக ஒரு லாபநோக்கற்ற அமைப்பு நிலையத்தை ஏற்றது. அடுத்த வருஷம் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் பொது மேலாளரானார். முன்பு பியர்டு உட்கார்ந்திருந்த பதவி அது.

பர்கர் பதவியேற்ற அதே 1969-ன் நவம்பரில் துணை ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியூ, நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் இருக்கிற ஒரு சின்னக் கும்பல் நாட்டின் செய்தியைத் தீர்மானிக்கிறது என்று பேசிப் பெரிய கைதட்டல் வாங்கினார். பியர்டு 1955-ல் சொன்னதிலிருந்து அது ரொம்ப தூரம் இல்லை. ஒரு வித்தியாசம்: அக்னியூ பேச்சில் ஒரு வாரக் கணக்கு கிடையாது. பார்க்கரின் ஆட்கள் நிமிடம் நிமிடமாக எழுதிவைத்திருந்தார்கள்.

நியாயக் கோட்பாட்டை 1987-ல் ஆணையமே கைவிட்டது. அது ஒளிபரப்பாளரின் பேச்சுரிமையை முடக்குகிறது என்றது. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. பிரச்சினை வருமே என்று சர்ச்சையைத் தொடாமலே விட்ட நிலையங்கள் இருந்தன. ஆனால் 1966-ல் கிடைத்த மற்ற உரிமை, அதாவது புதுப்பிக்கும் நேரத்தில் பார்வையாளர் எதிர்மனு போடலாம் என்பது, இன்னும் சட்டத்தில் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்த அந்த வாய்ப்பு இப்போது எட்டு வருஷத்துக்கு ஒருமுறை.