டீசல் ஆளின் பெயர், பெட்ரோல் பொருளின் பெயர்

கார் வாங்கப் போகிறவரை முதலில் கேட்பது, "பெட்ரோலா, டீசலா?" என்றுதான். ஜோடியாகவே ஒலிக்கும் இந்த இரு பெயர்களும் எதிரெதிர் வழியில் வந்தவை. பெட்ரோல் எண்ணெய்க்குப் பிறந்து இன்ஜினுக்குப் போன பெயர். டீசல் ஒரு மனிதரிடமிருந்து இன்ஜினுக்கும், பிறகுதான் எண்ணெய்க்கும் வந்தது.

பெட்ரோலியத்தைப் பிரித்தால் 'பெட்ரா' பாறை, 'ஓலியம்' எண்ணெய். தனித்தமிழில் பெட்ரோலைக் கன்னெய் என்றவர்கள் அந்த வேரையே பிடித்தார்கள். 1890-களில் லண்டனின் கார்லெஸ், கேப்பல் அண்ட் லெனார்ட் நிறுவனம் 'பெட்ரோல்' என்ற பெயரில் எண்ணெய் விற்றது. வணிக முத்திரையாகப் பதிய முயன்றும் கிடைக்காததால் அது பொதுச்சொல்லாயிற்று. இலங்கைத் தமிழர் அதைப் பெற்றோல் என்று எழுதுகிறார்கள்.

ஜெர்மானியர் பெட்ரோலை பென்சின் என்கிறார்கள். கார்ல் பென்ஸ் பெயரால் வந்தது என்று நம்புவோர் பலர். ஆனால் பென்ஸ் பிறந்தது 1844-ல். பத்தாண்டுகளுக்கு முன்பே மிட்செர்லிக் என்ற வேதியியலாளர் அச்சொல்லை வைத்துவிட்டார். பென்சாயின் பிசினிலிருந்து கிடைக்கும் அமிலத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி வடித்த திரவத்துக்கு அவர் இட்ட பெயர் அது. அரபு வணிகர் அந்தப் பிசினை 'லுபான் ஜாவி', ஜாவாச் சாம்பிராணி என்றார்கள். சாம்பிராணி வாசம் ஜெர்மன் பங்க் வரை போயிருப்பது எனக்குத் தீராத வியப்பு.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தவர். அன்றைய நீராவி இன்ஜின்கள் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கின. அந்த விரயம் அவரை உறுத்தியது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, பதினாறில் ஒரு பங்குக்கும் கீழாக நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் இன்ஜினில் நெருக்கம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பற்றவைக்க ஸ்பார்க் ப்ளக் வேண்டும். டீசல் வண்டியின் மைலேஜும் இழுவையும் பெரும்பாலும் இந்த நெருக்கத்தின் வரவு. கனத்த இன்ஜின், கூடுதல் விலை, 'டக டக' சத்தம், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அதே கணக்கின் செலவு.

1897 பிப்ரவரி 17 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அளந்தபோது அவர் இன்ஜினின் திறன் 26.2 விழுக்காடு. அதில் எரிந்தது விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெய். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆக, டீசல் என்பது முதலில் எரியும் முறைக்கு வைத்த பெயர். அந்த முறைக்குத் தோதான எண்ணெய் பிறகு அதைச் சுவீகரித்துக்கொண்டது.

அந்த நியாயப்படி பெட்ரோல் இன்ஜினை, 1876-ல் நான்கு வீச்சு இன்ஜினை உருவாக்கிய நிக்கோலஸ் ஓட்டோவின் பெயரால் அழைக்கவேண்டும். ஜெர்மானியர் இன்றும் ஓட்டோமோட்டார் என்றே எழுதுகிறார்கள். நாம் அவர் பெயரைக் கைவிட்டது அநியாயம். டீசலும் தன் பெயரில் ஒரு காரைப் பார்க்கவில்லை. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார். பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி, அவர் பெயரின் முதலெழுத்தோடு வந்தது 1936-ல்.