கோஸ் முகப்பின் ஒற்றைச் சொல்

1838-இல் தென் பிரான்சில் பயணம் செய்த நாவலாசிரியர் ஸ்தெந்தால், போர்தோவுக்கு வடக்கே மெதோக் பகுதியில் கோஸ் தெஸ்தூர்னெல் தோட்டத்துக் கட்டடத்தைப் பற்றி எழுதினார். இளமஞ்சள் நிறம்; கிரேக்கமும் அன்று, கோதிக்கும் அன்று; பார்க்க உற்சாகம் தருவது; சீனப் பாணியை ஒட்டியது. முகப்பில் ‘கோஸ்’ என்ற ஒரே சொல் மட்டும் இருந்ததையும் குறித்துவைத்தார். பாணி குறித்த அவர் முடிவை ஏற்பதற்கில்லை. சொல்லைப் பதிவு செய்தவர் அதன் பொருளை ஆராயவில்லை.

கட்டடத்தின் மேலே பகோடாக் கூம்புகள் நிற்கின்றன; சீனம் என்று அவருக்குத் தோன்றியதன் காரணம் விளங்காததன்று. அம்புவாஸ் அருகே சாந்தலூப்பில் சுவாசல் பிரபு 1775–78-இல் எழுப்பிய பகோடா போன்றவற்றில் பழகிய கண் அவருடையது. ஆனால் ‘பகோட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நம் கரையில் வேறொரு வாழ்வு இருந்தது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் இந்துக் கோயிலைத்தான் அப்படி அழைத்தார்கள். 1748-இல் இடிக்கப்பட்ட வேதபுரீஸ்வரர் கோயிலும் அவர்களுக்குப் ‘பகோட்’டே. மாமல்லபுரம் ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் ‘ஏழு பகோடா’ ஆயிற்று. நாம் வராகன் என்ற பொன் நாணயத்தையும் அவர்கள் பகோடா என்றே எண்ணி வாங்கினார்கள். இச்சொல் ‘பகவதி’யிலிருந்து வந்ததா, பாரசீகத்திலிருந்து வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. எவ்வாறாயினும், கீழைக்கடல் வணிகத்தைச் சார்ந்திருந்த ஒருவர் கட்டிய பகோடாவைச் சீனத்தோடு மட்டும் சேர்ப்பது சொல்லின் பாதி வரலாற்றை விட்டுவிடுவதாகும். எதிர்த்தரப்பிலும் ஒரு மிகை உண்டு. அந்தக் கூம்புகள் எந்தத் தமிழகக் கோபுரத்தின் நகலும் அல்ல. இந்தியக் கோயிலைப் பார்த்துச் செய்தவை என்று நான் வாதிட மாட்டேன்.

லூயி காஸ்பார் தெஸ்தூர்னெல் (1762–1853) 1791-இல் கோஸ் கிராமத்தை ஒட்டிய திராட்சை நிலத்துக்கு உரியவரானார். தம் சிவப்பு ஒயினை அவர் இந்தியாவரை அனுப்பினார் என்றும், விற்காமல் திரும்பிய சரக்கு முன்னிலும் சிறந்திருக்கக் கண்டு ‘இந்தியாவிலிருந்து திரும்பியது’ (ரெதூர் தேஸ் இந்த்) என்பதற்கு அதன் முதலெழுத்தான ‘ஆர்’ என்பதை இட்டார் என்றும் தோட்டத்து மரபு சொல்கிறது. சரக்கு சிறந்து திரும்பியதில் வியப்பில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்வரும் கப்பல் நிலநடுக்கோட்டை நான்கு முறை கடக்கும். அந்த வெப்பமும் ஆட்டமும், மரத்தின் வழியே கசியும் காற்றும் கபர்னே சோவிஞ்ஞோன் திராட்சையின் கடுந்துவர்ப்பைத் தணிக்கும். நிலவறையில் பல ஆண்டுகள் செய்யும் வேலையைக் கடல் சில மாதங்களில், முரட்டுத்தனமாகச் செய்தது.

இனி முகப்புச் சொல். ‘கோஸ்’ என்பது கூழாங்கல் மேட்டைக் குறிக்கும் கஸ்கோன் சொல்லின் திரிபு என்பர். நிலப்பெயர் இருக்கிறது, உரிமையாளரின் குடும்பப்பெயரை ஸ்தெந்தால் அங்கே காணவில்லை. மாளிகை கட்டியவர் இப்படிச் செய்வாரா? அது மாளிகையே அன்று என்பதுதான் இங்கே முக்கியம். தெஸ்தூர்னெல் வாழ்ந்ததும் மறைந்ததும் பக்கத்துப் போமியில். கோஸில் குடியிருந்தவை பீப்பாய்கள். பீப்பாய் முகத்தில் சூட்டுக்கோலால் இடும் குறியில் எழுத்து குறைவாக இருக்கும், தூரத்திலிருந்து தெரியும், சரக்கு எந்த மண்ணுடையது என்று சொல்லும். முகப்பின் ஒற்றைச் சொல்லையும் திரும்பிய சரக்கின் ஒற்றை எழுத்தையும் ஒரே வணிகக் கையின் வேலையாக வாசிக்கிறேன். கட்டடம் முழுவதும் குறியிடப்பட்ட ஒரு பீப்பாய். மேலே நிற்கும் பகோடாக்கள் அது போய்வந்த திசை. இதற்கு ஆவணச் சான்று இல்லை, அமைப்புச் சான்றே உண்டு. ஆயினும் ‘சீனப் பாணி’ என்பது முகப்பின் மூன்று பிரெஞ்சு எழுத்துகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. என் வாசிப்பு கூரையையும் எழுத்தையும் சேர்த்தே விளக்குகிறது.

கட்டடத்தின் காலத்தை ஓராண்டில் நிறுத்த முடியாது. 1811-இல் தோட்டத்தை விற்ற தெஸ்தூர்னெல் 1821-இல் மீட்டார். 1838-இல் ஸ்தெந்தால் எழுதிவிட்டார். இந்தப் பதினேழு ஆண்டுகளுக்குள் என்று கொள்வதே பொருந்தும். ‘ஆர்’ எழுத்தின் காலம் இன்னும் சிக்கலானது. 1793 முதல் 1816 வரை புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்தது. சரக்கு பிரெஞ்சுத் துறைக்கு வந்ததென்றால் 1816-க்குப் பின் என்பது இயல்பு. ஆங்கிலேயர் துறைகளுக்கு என்றால் அந்த எல்லை பொருந்தாது. மேலும் ‘இந்த்’ என்ற பன்மைச்சொல் அக்காலப் பிரெஞ்சில் கீழைக்கடல் முழுவதையும் தழுவும். கோஸின் செதுக்குக் கதவு சான்சிபார் சுல்தானின் அரண்மனைக் கதவு என்ற மரபும் இந்த அகன்ற பொருளுக்கே துணை நிற்கிறது.

1852-இல் தோட்டம் லண்டன்காரர் கைக்குப் போனது. மறு ஆண்டு தெஸ்தூர்னெல் இறந்தார். 1855-இன் போர்தோ ஒயின் தரவரிசையில் கோஸ் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றதை அவர் காணவில்லை.

இன்று அந்தப் போக்குவரவின் மறுமுனை நம் பக்கத்திலேயே உண்டு: பெங்களூரிலிருந்து வடக்கே சென்றால் நந்தி மலையடிவாரத்தில் 1988-இல் தொடங்கிய குரோவர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கபர்னே சோவிஞ்ஞோனும் ஷிராஸும் கலந்து ‘லா ரிசர்வ்’ செய்கிறார்கள். ஆலோசனை சொல்லப் போர்தோவிலிருந்து மிஷேல் ரோலான் வந்தார். அன்று பீப்பாய் வந்து திரும்பியது. இன்று கொடியே இங்கு வேரூன்றிவிட்டது. கோஸ் முகப்பை இந்தக் கரையிலிருந்தும் வாசிக்கும் கடமை நமக்கு உண்டு.